மிதிவண்டி வேகத்தில் ஓர் ஆறு

"பாலாறு எந்தத் திசையில் ஓடுகிறது?"

செவிலிமேட்டுப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் நான் கேட்டபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. பாதிப் பேர் கிழக்கு என்றார்கள். மீதிப் பேர் வந்தவாசிப் பக்கம் கை காட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "டீச்சர், அது எங்க ஓடுது?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. 2021 நவம்பர் வெள்ளம் போன்ற சில நாள்களைத் தவிர்த்தால், அவன் பார்த்த பாலாறு மணலும் நாணலும் சீமைக்கருவேலமும்தான்.

நந்தி மலையில் பிறந்து, கர்நாடகம், ஆந்திரம் கடந்து, 348 கி.மீ. பயணித்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலில் கலக்கிறது என்று வரைபடத்தில் கோடு இழுத்துக் காட்டிவிடுவார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆற்றைப் பார்த்து அதன் திசையைச் சொல்ல முடியவில்லை. பேருந்தில் பாலத்தைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்தில் ஆற்றில் என்ன தெரியும்?

நடந்து போனால் எல்லாம் தெரியும், ஆனால் அதிக தூரம் போக முடியாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது மிதிவண்டி. மணிக்கு 10 முதல் 12 கி.மீ. வேகம். நினைத்த இடத்தில் கால் ஊன்றி நிற்கலாம். பேசிக்கொண்டே போகலாம். ஒரு காலைப்பொழுதில் இரண்டு மூன்று ஊர்களைப் பார்த்துவிட்டு வெயில் ஏறும் முன் திரும்பிவிடலாம். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்ட விலையில்லா மிதிவண்டித் திட்டத்தால், நம் மேல்நிலை வகுப்பு மாணவர்கள் பெரும்பாலோர் வீட்டில் வண்டி இருக்கிறது. கற்பித்தல் கருவி ஒன்றை அரசே வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

மிதிவண்டிக்கும் ஆற்றுக்கும் ஒரு பொருத்தம் உண்டு. ஆறு எப்போதும் மிகச் சரிவான வழியில் கீழே இறங்கி, சமவெளி வந்ததும் மெதுவாகச் சாய்ந்து ஓடுகிறது. ஆகவே ஆற்றோரச் சாலையில் பெரிய ஏற்றம் இருக்காது. காஞ்சிபுரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 83 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆற்றின் போக்கில் கடல் 70 கி.மீ.க்கு மேல். கணக்குப் போட்டால் ஒரு கி.மீ.க்கு ஒரு மீட்டர் அளவுதான் சரிவு. மூச்சு வாங்காமல் மிதிக்கலாம். ஐரோப்பாவில் டான்யூப், மோசல் ஆற்றங்கரைகளில் திராட்சைத் தோட்டங்களின் ஊடே நாள்கணக்கில் மிதிவண்டியில் போகிறார்களே, அதற்கும் இதுதான் அடிப்படை. அங்கே ஒரு காலத்தில் படகுகளைக் குதிரைகள் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துச் சென்றன. அந்தக் குதிரைத் தடங்கள் பலவும் இன்று மிதிவண்டிப் பாதைகள்.

எங்கள் முதல் பயணம் மிகச் சிறியது. காலை ஆறு மணிக்குச் செவிலிமேட்டில் புறப்பட்டோம். நெசவாளர் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. அடுத்து சாலைக்கிணறு. ராமானுஜர் இங்கிருந்து நாள்தோறும் வரதராஜப் பெருமாளுக்குத் தண்ணீர் சுமந்தார் என்பது மரபு. இந்த இடத்தில் ஒரு கணக்கு வைத்தேன். வண்டியின் முன் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின் பல்சக்கரத்தில் 18 பற்கள் என்றால், ஒருமுறை முழுதாக மிதிக்கும்போது பின்சக்கரம் ஏறத்தாழ 2.44 சுற்று சுற்றும். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். ஆக ஒரு மிதிக்கு 5 மீட்டர். அப்படியானால் கிணற்றிலிருந்து வரதர் கோயிலுக்கு எத்தனை மிதி? அடுத்த நாள் இரண்டு மாணவிகள் உண்மையிலேயே எண்ணிக்கொண்டு போயிருக்கிறார்கள்! இருவரின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. இருவர் வண்டியிலும் பற்களின் எண்ணிக்கை வேறு என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

பிறகு ஆறு. கரையோரம் இறங்கிப் பாலத்தூண்களைப் பார்க்கச் சொன்னேன். தூணின் மேற்குப் பக்கத்தில் காய்ந்த வேர்களும் நாணலும் கிழிந்த துணியும் சிக்கியிருந்தன. கிழக்குப் பக்கத்தில் வால்போல நீண்ட மணல் மேடு. புதர்களின் பின்னாலும் அதே வால், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. நான் எதுவும் சொல்லவில்லை. "அது எங்க ஓடுது?" என்று கேட்டவனே கையை நீட்டி, "அப்படி ஓடியிருக்கு டீச்சர்" என்று கிழக்கைக் காட்டினான். தண்ணீர் இல்லாத ஆற்றிலும் தண்ணீரின் கையெழுத்து இருக்கிறது. வெள்ளம் போகும்போது அருகில் நெருங்க முடியாது. காய்ந்திருக்கும்போதுதான் அதை நிதானமாகப் படிக்க முடியும்.

மணல் காய்ந்திருப்பதால் ஆறு செத்துவிட்டது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். காஞ்சிபுரத்தின் குடிநீரில் ஒரு பங்கு ஓரிக்கை போன்ற இடங்களில் இதே ஆற்றுப்படுகையில் தோண்டிய கிணறுகளிலிருந்துதான் வருகிறது. மேலே ஓடாத நீர் மணலுக்கடியில் மெல்ல நகர்கிறது. முன்னோர் அந்த நீரைப் பிடிக்க ஊற்றுக்கால்வாய் வெட்டினார்கள். மணலில் ஊறும் நீர் வாய்க்காலில் சேர்ந்து வயலுக்கும் ஏரிக்கும் போகும். மணல் போய்விட்டால் இந்தச் சேமிப்பும் போய்விடும். மணல் அள்ளுவதைப் பற்றி நாளிதழில் படித்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அது ஏன் இவ்வளவு பெரிய செய்தி என்பது கரையில் நின்றபோதுதான் புரிந்ததாம்.

பாலம் தாண்டி, தூசி வழியாக ஐயங்கார்குளம் போனோம். அங்கே நடவாவிக் கிணறு. வாவி என்றால் நீர்நிலை. நடந்து இறங்கும் வாவி நடவாவி. படிகளில் இறங்கினால் பூமிக்குள் தூண்கள் நிற்கும் மண்டபம், நடுவே கிணறு. சித்ரா பௌர்ணமிக்கு வரதர் இங்கே எழுந்தருளும்போது தண்ணீரை இறைத்துவிடுவார்கள். மற்ற காலத்தில் படிகள் தண்ணீருக்குள் போய் மறையும். எனக்கு இது நிலத்தடி நீரை அளக்கும் அளவுகோல். வெளியே எத்தனை படி தெரிகிறது என்று ஒவ்வொரு முறையும் மேலே நின்று எண்ணி, தேதி போட்டு எழுதி வைக்கிறார்கள். போய்வர 15 கி.மீ.க்குள்தான்.

இந்தப் பயணத்துக்கு ஒரு மாணவியின் அம்மா முதலில் ஒப்பவில்லை. குழித்தறியில் உட்கார்ந்தபடியே, "பள்ளிக்கூடம் போறதுக்குக் குடுத்த சைக்கிள் டீச்சர். ஊர் சுத்தறதுக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது வண்டி அல்ல, பெண் பிள்ளை எதுவரை போகலாம் என்ற எல்லை. அந்த மாணவி பாலத்துக்கு அந்தப் பக்கம் அதுவரை தனியாகப் போனதே இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான கிராமப்புறப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். அதையும் மீறித்தான் தண்ணீர் எடுக்கவும் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் வண்டியை எடுத்தார்கள். அவர்களுடைய மகள்களுக்கும் பேத்திகளுக்கும் இன்று அரசே வண்டி தருகிறது. அந்த வண்டி வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் மட்டும் ஓடி, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் சுவரில் சாய்ந்து நின்றுவிடக் கூடாது என்பது என் கவலை. இதையெல்லாம் அந்த அம்மாவிடம் நான் விரித்துச் சொல்லவில்லை. யார் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று மட்டும் சொன்னேன். அனுப்பினார். அடுத்த வாரம் பார்த்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தக் கெணத்துல தண்ணி இருந்துச்சா?"

மேல்நிலை மாணவர்களோடு திருமுக்கூடலுக்கும் போய்வந்தோம். வாலாஜாபாத் கடந்து, பழையசீவரம் வரை போய், பாலத்தில் ஆற்றைத் தாண்ட வேண்டும். ஏறத்தாழ 25 கி.மீ., அதாவது 5,000 மிதி. பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடம் அது. அங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு இருக்கிறது. ஆசிரியர்கள் அவசியம் பார்க்க வேண்டிய கல்வெட்டு என்பேன். கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலை, மாணவர் விடுதி, வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஆகியவை நடந்ததை அது சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் ஊதியம் குறித்திருக்கிறார்கள். மூன்று ஆறுகள் சேரும் இடத்தில் ஏன் இப்படி ஓர் அமைப்பு என்று கேட்டதற்கு, "ஆளுங்க வர வழி இருக்கும்ல" என்றாள் ஒரு பெண். இரண்டரை மணி நேரம் மிதித்து வந்தவளுக்கு வழியின் அருமை தெரியாதா?

கோடை விடுமுறையில் ஆசிரியத் தோழியர் நால்வர் கம்பம் பள்ளத்தாக்கில் வாடகை மிதிவண்டியில் சுற்றினோம். திராட்சையும் ஆறும் ஒன்றாக இருக்கும் நம் ஊர் அதுதான். கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகும் பக்கம் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டிருக்கிறார்கள். பச்சைக் கூரைக்கடியில் கருநீலக் கொத்துகள். இங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேருந்தில் போயிருந்தால் எல்லாம் ஒரே தோட்டமாகத்தான் தெரிந்திருக்கும். மெதுவாகப் போனதால் ஒன்று கண்ணில் பட்டது: ஒரு தோட்டத்தில் பழம் பறிக்கிறார்கள், அடுத்த தோட்டத்தில் இலையே இல்லை, அதற்கடுத்ததில் பூ. குளிர்நாடுகளில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். ஆண்டுக்கு ஓர் அறுவடைதான். கம்பத்தில் அந்த உறக்கம் இல்லை. விவசாயி என்று கவாத்து செய்கிறாரோ அன்றுதான் கொடிக்குப் புத்தாண்டு. அதனால் ஆண்டு முழுவதும் எங்காவது ஓர் அறுவடை நடக்கிறது. அறிவியல் வகுப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அந்தப் பள்ளத்தாக்கை வளமாக்கும் நீரும் தன் இயல்பில் கிழக்கே வந்ததல்ல. மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் பெரியாற்றின் குறுக்கே பென்னிகுவிக் தலைமையில் கட்டிய அணை 1895இல் பயன்பாட்டுக்கு வந்தது. நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி வைகையில் சேர்கிறது. இதைச் சொன்னபோது செவிலிமேட்டு வகுப்பில் உடனே கை உயர்ந்தது: "அப்போ ஆத்தைத் திருப்ப முடியுமா டீச்சர்?" இரண்டு பாடவேளை இந்தப் பேச்சிலேயே போயிற்று.

நீங்களும் அழைத்துச் செல்வதாக இருந்தால் சில நடைமுறைகள். தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் முதலில். முந்தின நாளே பிரேக், காற்று, செயின் பார்த்துவிடுங்கள். உள்ளூர் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் உடன் வந்தால் பாதிக் கவலை தீரும். முன்னால் ஓர் ஆசிரியர், கடைசியில் ஓர் ஆசிரியர். லாரி ஓடும் சாலையைத் தவிர்த்து ஊர்ச்சாலைகளைப் பிடியுங்கள். ஆற்றில் மணல் அள்ளிய குழிகளில் தேங்கிய நீரின் ஆழம் மேலே தெரியாது. அதன் பக்கம் யாரையும் விட வேண்டாம். மழைக்காலத்தில் படுகையில் இறங்கவே கூடாது. யார் முதலில் போவது என்ற போட்டியைப் புறப்படும்போதே தடுத்துவிடுங்கள். வேகமாகப் போகிறவனுக்கு எழுத ஒன்றும் இருக்காது. எங்கள் குறிப்பேட்டில் அதிகம் எழுதியவள் எப்போதும் கடைசியில் வந்தவள்தான்.

இப்போது பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் ஒரு பெரிய தாளில் பாலாற்றை வரைந்து, திருமுக்கூடலுக்குக் கீழே வயலூர் வரை ஊர்ப் பெயர்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே நாளில் முடியாது, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. செங்கல்பட்டுப் பக்கம் எந்தக் கரையில் போவது என்பதில்தான் இன்னும் சண்டை ஓயவில்லை.