கொல்லைக்கு வரும் ஆறுமணிக்குருவி

குளிர்காலத்தில் பறவைகளுக்குத் தானியம் வையுங்கள் என்பது பனி கொட்டும் நாடுகளுக்கான யோசனை. கடலூர், சிதம்பரம் பக்கம் கதையே வேறு. வடக்கத்திக் குளிருக்குத் தப்பிப் பறவைகள் இங்கேதான் வருகின்றன. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் படகேறிப் பறவை பார்க்கிறவர்கள் உண்டு. வீட்டுக் கொல்லைக்கே வரும் விருந்தாளியைத்தான் கவனிக்க ஆளில்லை.

ஆறுமணிக்குருவி அப்படி வருவது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி ஐப்பசியில் தெற்கே இறங்குகிறது. இரவில்தான் பயணம். முதுகு பச்சை, இறக்கையில் நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. இத்தனை நிறமிருந்தும் புதர் நிழலில் நின்றால் கண்ணில் படாது. விடியலிலும் அந்தியிலும் அது விடும் இரட்டைச் சீழ்க்கைதான் காட்டிக்கொடுக்கும்.

அது இரை தேடுவதைப் பார்க்க வேண்டும். கோழி காலால் சீய்க்கும். இது அலகால் சருகை ஒவ்வொன்றாகப் புரட்டும். இரண்டு தத்தல், ஒரு நிறுத்தம். கட்டை வால் மெல்ல மேலும் கீழும் ஆடும். சட்டென்று ஒரு கொத்து: புழுவோ பூச்சியோ அலகில். அரிசி, கம்பு எதையும் அது சீண்டாது. ஈரச் சருகுதான் அதன் சாப்பாட்டுத் தட்டு.

அந்தச் சருகைத்தான் கூட்டிக் கொளுத்துகிறோம். மிச்சக் கொல்லைக்கும் சிமெண்ட் பூசிவிட்டுச் சுத்தம் என்கிறோம். அது சுத்தமில்லை, பட்டினி.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் அருகே கரையேறியபோது முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அப்படி நிழலை இழந்த மாவட்டத்தில் ஒரு மருதாணிப் புதர்கூடப் பெரிய உதவி.

செய்ய வேண்டியது அதிகமில்லை. கொல்லையின் ஒரு மூலையில் சருகு கிடக்கட்டும். பூச்சிமருந்து வேண்டாம். ஆழமில்லாத மண்தட்டில் தண்ணீர் வையுங்கள், பூனை பதுங்கும் இடத்தைத் தவிர்த்து. வலசைக் காலத்தில் வெளிவிளக்கை இரவில் அணைத்துவிடுங்கள். பெரிய கண்ணாடி ஜன்னலின் வெளிப்புறத்தில் இரண்டங்குல இடைவெளியில் புள்ளிகள் ஒட்டுங்கள்; பறந்து வந்து மோதாது.

மோதி மயங்கிக் கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் வைத்திருந்து, தெளிந்ததும் புதரருகே திறந்துவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் அடைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.