மூன்று வேலைக்காரர் பெர்ஸி சட்டன்

ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன் நான். நைட் டியூட்டி முடிந்து வீடு திரும்பினால், பேப்பரில் தலைப்பு கூடக் கண்ணில் ஏறாது. அதனாலேயே பெர்ஸி சட்டன் என்ற அமெரிக்கக் கறுப்பரின் வரலாற்றில் ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

1920-இல் டெக்ஸாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில், பதினைந்து குழந்தைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் சட்டன். தகப்பனார் அடிமையாகப் பிறந்து, பிற்காலத்தில் பள்ளித் தலைமையாசிரியரானவர். கறுப்பர் உரிமைக்கான துண்டுப் பிரசுரங்களை வெள்ளையர் வசிக்கும் தெருவில் கொடுத்தான் என்பதற்காக, பதின்மூன்று வயதுப் பையனைப் போலீஸ்காரர் ஒருவர் அடித்தார். வாலிப வயதில் விமானம் ஓட்டக் கற்று, ஊர்ச் சந்தைகளில் வானில் சாகசம் காட்டிப் பிழைத்தார். நண்பர் ஒருவர் விபத்தில் மாண்டதும் அதை விட்டுவிட்டார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. தெற்கில் ராணுவத்தில் சேரப் போனவரை வெள்ளை அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். அசரவில்லை மனிதர், நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 'டஸ்கீகி விமானப் படையினர்' என்று புகழ்பெற்ற கறுப்பர் படையில் உளவுத் தகவல் அதிகாரியாக இத்தாலியில் பணிபுரிந்தார்.

நான் நின்றுபோன இடம் இனிமேல்தான். போர் முடிந்து புரூக்ளினில் சட்டம் படித்தபோது, மாலை 4 மணி முதல் நள்ளிரவு வரை தபால் நிலையத்தில் வேலை. அப்புறம் காலை 8.30 வரை பாதாள ரயிலில் கண்டக்டர். நம்மூர் கார்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 9.30-க்கு சட்டக் கல்லூரி! எப்போது தூங்கினாரோ, எனக்குக் கணக்கு உதைக்கிறது. பட்டம் வாங்கும்வரை இதே பாடுதான்.

ஹார்லெமில் வக்கீல் தொழில் தொடங்கினார். மால்கம் எக்ஸுக்கும் இவர்தான் வக்கீல். தேர்தல்களில் நின்று நின்று தோற்று, 1964-இல் ஒருவழியாக நியூயார்க் மாநிலச் சட்டப் பேரவைக்குத் தேர்வானார். 1966 முதல் 1977 வரை மன்ஹாட்டன் பகுதியின் தலைவர். 1977-இல் நகர மேயர் பதவிக்கு முயன்றார். கட்சிக்குள் நடந்த தேர்தலிலேயே தோற்றார்.

வியாபாரத்திலும் சூரர். 1970-களின் தொடக்கத்தில் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு டபிள்யூ.எல்.ஐ.பி. வானொலியை வாங்கினார். நியூயார்க்கில் கறுப்பர் கைக்கு வந்த முதல் வானொலி நிலையம் அது. மேடையில் ஏறி ஓட்டுக் கேட்டதைவிட இது பெரிய காரியம் என்பேன். சொந்தக் குரலைக் கேட்க இன்னொருவர் தயவு வேண்டியதில்லை அல்லவா? 1981-இல், நொடித்துப்போயிருந்த ஹார்லெம் அப்போலோ அரங்கத்தையும் வாங்கிச் செப்பனிட்டார். எல்லா ஃபிட்ஜெரால்ட் என்ற பாடகி சிறு பெண்ணாக 1934-இல் போட்டியில் பாடிப் பரிசு பெற்ற மேடை அது. சட்டன் 2009-இல் தமது 89-ஆம் வயதில் காலமானார். அரங்கம் இன்றும் நடக்கிறது.