கருவிளந்தண்பூ மேகம்

ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அதனால் பேருந்து நிறுத்தத்தில் நல்ல கூட்டம். மேற்கே பச்சைமலைப் பக்கம் கறுத்த குவியலொன்று மேலே மேலே எழும்புகிறது. "இருட்டிக்கிட்டு வருது" என்கிறது ஊர். வானிலைக்காரர்களுக்கு அது கியூமுலோநிம்பஸ்.

வாயில் நுழையாத பெயர்தான். பிரித்தால் நுழைந்துவிடும். லத்தீனில் கியூமுலஸ் என்றால் குவியல், நிம்பஸ் என்றால் மழைமேகம். முதற்சொல்லின் 'அஸ்' உதிர்ந்து, அங்கே ஓர் 'ஓ' ஒட்டியிருக்கிறது. அந்த 'ஓ'வுக்குத் தனிப்பொருள் கிடையாது. புளியும் பழமும் சேரும்போது நடுவில் 'அம்' வந்து புளியம்பழம் ஆகிறதே, அதே வேலை. நம் இலக்கணத்தில் இதற்குச் சாரியை என்று பெயர்.

இந்தப் பெயர்முறையைத் தந்தவர் லண்டன் மருந்து வணிகர் லூக் ஹோவர்ட். 1802 டிசம்பரில் நண்பர்களின் அறிவியல் சங்கத்தில் உரையாக வாசித்தார். மயிர்ச்சுருள் போன்றது சிர்ரஸ், விரித்துப் போட்டது ஸ்ட்ரேட்டஸ். நம் மப்பும் மந்தாரமும் இந்த இரண்டாவது வகை. அதே ஆண்டில் பிரான்சில் இயற்கையியலாளர் லமார்க்கும் மேகங்களுக்குப் பிரெஞ்சுப் பெயர்கள் வைத்தார். அவை நிலைக்கவில்லை. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத லத்தீன் நிலைத்தது. ஆனாலும் ஒரு குறும்பு: சில மேகப் பெயர்களின் முன் வரும் 'ஆல்ட்டோ' என்பதன் வேர் உயரத்தைக் குறிக்கும், அப்பெயருள்ள மேகங்களோ நடுவானத்தில் இருக்கின்றன! நம் பள்ளிப் பாடநூல் 'இடைப்பட்ட' என்று உண்மையைச் சொல்லிவிடுகிறது.

உச்சரிப்பில்தான் வேடிக்கை. ஆங்கிலத்தில் கியூமுலஸ் என்றால் அழுத்தம் 'கியூ'வில் விழும். நிம்பஸ் சேர்ந்ததும் முக்கிய அழுத்தம் 'நிம்'முக்குத் தாவிவிடும். தமிழில் இப்படிச் சொல்லின் ஓரிடத்தை ஓங்கிச் சொல்லிப் பொருள் பிரிக்கும் வழக்கமில்லை. நம் காது குறில் நெடிலை அளக்கும். ஆங்கிலத்துக்குக் கியூமுலோநிம்பஸ் ஐந்து அசை. நம் யாப்பின்படி அலகிட்டால் கியூ, முலோ, நிம், பஸ் என்று நான்கே: நிரை நிரை நேர் நேர். வாய்பாடு கருவிளந்தண்பூ. மழைமேகத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையுமா!

இதே மேகத்துக்குப் பாடநூல் தரும் 'கார்திரள்' என்ற பெயர் இன்னும் சிக்கனம். நேர் நிரை, கூவிளம். பெரம்பலூர் பேருந்து நிற்பதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.