பிங் போகுது, பக்கம் வரல

கெர்னலை 2.6.17-க்கு ஏத்தினதும் சில தளங்கள் மட்டும் திறக்காமல் அப்படியே நிற்பது 2006-ல் பல பேருக்கு நடந்தது. பிங் போகும், டிஎன்எஸ் சரி, பழைய கெர்னலில் பூட் செய்தால் எல்லாமே ஓடும். அப்போ குற்றவாளி கெர்னல்தானே? இல்லை.

"இவ்வளவு பைட் வரை அனுப்பு, வாங்கிக்கிறேன்" என்று எதிர்முனைக்குச் சொல்லும் டிசிபி விண்டோ புலம் வெறும் 16 பிட். 65,535-க்கு மேல் எழுத இடமில்லை. அதனால் இணைப்பு தொடங்கும்போதே ஒரு ஸ்கேல் எண்ணைச் சொல்லிவிடும் வழக்கம் 1992-லேயே வந்துவிட்டது. 2.6.17 பெறும் பஃபரின் உச்சவரம்பை 4 எம்பி ஆக்க, ஸ்கேல் 2-லிருந்து 7 ஆனது. எழுதிய எண்ணை இனி 128-ஆல் பெருக்கிப் படிக்கணும்.

வழியில் இருந்த சில ஃபயர்வால்கள் அந்த 7-ஐ பூஜ்யமாக்கி அனுப்பின. நம்ம மெஷின் 46 என்று எழுதும், அதன் கணக்கில் 5,888 பைட். சர்வர் அதை வெறும் 46 பைட் என்றே படித்து, அனுப்பாமல் தயங்கும். பழைய கெர்னலிலும் இதே கோளாறு உண்டு. ஆனால் அங்கே எழுதிய எண் 1,460, சரியாக ஒரு முழு பாக்கெட்! மெதுவாகவாவது ஓடியது, யாரும் கவனிக்கவில்லை.

விண்டோ ஸ்கேலிங்கை அணைத்துப் பாருங்கள். பக்கம் திறந்தால் கோளாறு நடுவழியில்தான். ஆனால் அப்படியே விட்டுடாதீங்க, தூரத்து சர்வர்களிடமிருந்து வரும் வேகம் எல்லாமே அடிபடும். அந்த ஒரு முகவரிக்கான ரூட்டில் மட்டும் விண்டோ 65535 என்று கொடுத்தால் போதும்.