சிறுநீரில் இரத்தம்: "சூடு" என்று விட்டுவிடலாமா?

பூனாகலை மலையில் கொழுந்தெடுக்கும் ஒருவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனால், லயத்தில் முதலில் கேட்கும் பேச்சு, "சூடு பிடிச்சிருக்கும், இளநீர் குடி" என்பதுதான். வலி கிடையாது. இரண்டு நாளில் நின்றும் விடுகிறது. பண்டாரவளைக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடுமே என்று அவரும் மலைக்கே போகிறார். ஆனால் வலியின்றி வந்து நின்றுபோகும் இந்த இரத்தம், சில வேளை சிறுநீரகப் புற்றுநோயின் முதல் அடையாளமாகும்.

இந்நோய் எப்படி உண்டாகிறது? மலைப்பாதையில் இறங்கும் பஸ்ஸுக்கு பிரேக் வேண்டும். அதுபோல நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவும் அளவுக்கு மீறிப் பெருகாமல் தடுக்கச் சில மரபணுக்கள் உள்ளன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இவை இரண்டிரண்டாக இருக்கின்றன. ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும். இரண்டும் பழுதானால் உயிரணு கட்டுக்கடங்காமல் பெருகும். இதை 1971இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நுட்சன் விளக்கினார். சிறுநீரகத்தைக் காக்கும் வி.எச்.எல். என்ற மரபணு 1993இல் கண்டுபிடிக்கப்பட்டது. பெரியவர்களுக்கு அதிகமாக வரும் சிறுநீரகப் புற்றுநோயில் பெரும்பாலும் பழுதாகியிருப்பது இதுவே. சில குடும்பங்களில் இப்பழுது பரம்பரையாகவும் வரும்.

பழுது வெளியிலிருந்தும் வரலாம். நாட்டு மருந்தில் சேரும் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி ஆகிய இரண்டும் அரிஸ்டோலோக்கியா என்னும் செடி இனத்தைச் சேர்ந்தவை. இவ்வினச் செடிகளில் உள்ள அமிலம் பி53 என்ற மற்றொரு காவல் மரபணுவைக் கெடுக்கிறது. பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக இவ்வினச் செடி கலந்த மாத்திரை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அவ்வாறு பாதிக்கப்பட்டுச் சிறுநீரகத்தை அகற்றிக்கொண்ட 39 பேரைச் சோதித்ததில், 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. இச்செடி சேர்ந்த மருந்துகள் புற்றுநோய் தருபவை என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2002இல் அறிவித்தது.

நாட்டு வைத்தியம் முழுவதும் தீது என்று நாம் சொல்லவில்லை. மருந்தில் என்ன செடி சேர்கிறது என்று கேட்டறிந்து, இவ்விரண்டையும் தவிர்த்துக்கொள்வோம். புகைபிடித்தலும், கவனியாத இரத்த அழுத்தமும், மிகுந்த உடற்பருமனும் இந்நோய்க்கு வழிவிடுபவை.

சிறுநீரில் ஒரு முறை இரத்தம் கண்டாலும் தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லிச் சிறுநீரைச் சோதிக்கக் கேளுங்கள். பிறகு பதுளை பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு வாங்கிச் சென்று ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். பெரும்பாலும் கல்லோ கிருமியோ காரணமாயிருக்கும். அதுவும் தெரிந்தால் நல்லதே. கட்டி சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் அறுவைச் சிகிச்சையால் பலர் குணமடைகின்றனர். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் கட்டணமில்லை.

ஒரு நாள் பேர் போனால் மறுநாள் உழைத்துக்கொள்ளலாம். இறைவன் தந்த உயிர் ஒன்றே.