சித்திரை வீதியில் தை வெயில்

வெயில் என்றதும் குடையைத் தேடுகிற சுபாவம் நம்மவருக்கு நெடுங்காலமாக வந்தது. வருஷத்தில் பெரும்பகுதி அது நியாயமும்கூட. ஆயினும், மார்கழிப் பனி விலகித் தை பிறந்து, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் எங்கள் ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் காலை எட்டு மணிக்கு இளவெயில் வந்து விழுகிற அந்தச் சில வாரங்களிலும் கதவைச் சாத்திக்கொண்டு பத்திரிகை படித்துக்கொண்டிருப்பது, சூரிய பகவானுக்குச் செய்யும் அபசாரம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

இவ்வூரில் வீதி வகுத்தவர்கள் உலாவப் போகிறவனை நினைத்து வகுக்கவில்லை. பெருமாள் எழுந்தருள வகுத்தார்கள். தைத் தேர் ஓடும் உத்தர வீதி, அதற்கு வெளியே சித்திரைத் தேர் ஓடும் சித்திரை வீதி, அதையும் வளைத்துக்கொண்டு அடையவளஞ்சான் என்று, ஒன்றையொன்று சூழ்ந்து நாற்றிசையையும் ஒட்டி அமைந்திருப்பதனால், எந்நேரத்தில் எந்த ஓரத்தில் வெயில் கிடைக்கும் என்பதை வீட்டைவிட்டுக் கிளம்புமுன்பே சொல்லிவிடலாம். தை மாதத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுகிறான். ஆகவே கீழ வீதியிலும் மேல வீதியிலும் கிழக்கு பார்த்த வீடுகளின் வாசலிலும், தெற்கு, வடக்கு வீதிகளில் தெற்கு பார்த்த திண்ணைகளிலும் வெயில் விழும். கீழச் சித்திரை வீதியில் தொடங்கிப் பிரதட்சிணமாக நடப்பவனுக்கு, முதலில் முகத்தின் இடப்புறம் சூடேறி, தெற்கு வீதியில் திரும்பியதும் முதுகுக்கு இதமாகி, மேல வீதியில் வலத்தோளைத் தொட்டு, வடக்கு வீதியில் மறுபடியும் நேர்முகமாகக் கண்ணைக் கூசவைக்கும். அப்பிரதட்சிணமாகவும் நடக்கலாம், ஆனால் எதிரே வருகிற மாமிகள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

தெற்கே அடையவளஞ்சானில் மட்டும் ஓர் இடையூறு உண்டு. நானூறு வருஷம் போல மொட்டைக் கோபுரமாகவே நின்று, 1987-இல் பூர்த்தியாகிக் கும்பாபிஷேகம் கண்ட ராஜகோபுரம் 236 அடி உயரம். தை முதல் வாரத்தில் எட்டரை மணிக்கு அதன் நிழல், கணக்குப்படி 500 அடிக்குக் குறையாமல், வடமேற்காக வீடுகளின் மாடிமேல் ஏறிப் படுத்திருக்கும். அந்நிழலுக்குள் அகப்பட்டவர்கள் பாவம், ஒன்பது மணி வரையிலும் சால்வையோடுதான் காபி சாப்பிடுகிறார்கள்.

இந்த வெயிலில் வைட்டமின் டி கிடைக்கும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விரைகிற நண்பர்களைக் கண்டால் எனக்கு அநுதாபமே உண்டாகிறது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறுகிய பிறகுதான் அந்தச் சத்து தாராளமாகச் சுரக்கும் என்கிறது விஞ்ஞானம். காலை எட்டு மணிக்குக் கிடைப்பது சொற்பம். ஆதாயம் இல்லையென்று தெரிந்தபின் அவசரமும் இல்லை. பூக்கட்டுகிறவளிடம் நின்று விலை கேட்கலாம், யார் வீட்டுக் கோலத்தில் சைக்கிள் ஏறிற்று என்று விசாரிக்கலாம்.

சித்திரை பிறந்து ஐந்தாறு நாள் போனால் உச்சிச் சூரியன் எங்கள் தலைக்கு வடக்கே நகர்ந்து ஆவணி முதல் வாரம் வரை அங்கேயே நிற்பான்; நடுப்பகலில் வடக்கு பார்த்த வீட்டுக்காரர் வாசலில் தட்டி கட்ட ஆரம்பிப்பார். அந்த மாதங்களில் ஓரம் தேர்ந்து நடக்கும் வித்தை ஒன்றும் பலிக்காது. சூரியன் மதில் ஏறுமுன் நாலு வீதியும் சுற்றிவிட்டு வீட்டுக்குள் போய்விட வேண்டியதுதான்.