எட்டு போட்டால் மட்டும் போதுமா? பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு முதலுதவிப் பாடம்

இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. சாயங்கால நேரம். வளைவில் கொட்டிக்கிடந்த மணலில் பைக் ஒன்று சறுக்கிவிட்டது. ஓட்டி வந்த இளைஞர் ஒரு பக்கம் கிடக்கிறார். வண்டி இன்னொரு பக்கம் கிடக்கிறது, பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. டீக்கடையிலிருந்து நாலு பேர் ஓடி வருகிறார்கள். அந்த வழியாகப் போன இரண்டு பைக்குகளும் நின்றுவிடுகின்றன.

“தண்ணி குடுங்கப்பா, முதல்ல தண்ணி குடுங்க!”

“அந்த ஹெல்மெட்டைக் கழட்டுப்பா, மூச்சு முட்டப்போகுது.”

“ஆம்புலன்ஸ் எப்ப வர்றது... அந்த ஆட்டோவை நிறுத்துங்க. ம்... தூக்குங்க, தூக்குங்க!”

ஒருவர் கையைப் பிடிக்க, இன்னொருவர் காலைப் பிடிக்க, அந்த இளைஞரை ஆட்டோவின் பின்சீட்டில் மடித்துத் திணிக்கிறார்கள். எல்லாம் மூன்றே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

அங்கே நின்ற அத்தனை பேரும் நல்ல மனசுக்காரர்கள். சட்டையில் ரத்தக்கறை படும் என்றுகூட யோசிக்காதவர்கள். ஆனால், அவர்கள் செய்த மூன்று காரியங்களுமே தப்பு.

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. மொத்தம் 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். விபத்து நடந்த இடத்துக்கு முதலில் வந்து சேர்கிறவர் பெரும்பாலும் டாக்டராக இருப்பதில்லை. பின்னால் பைக்கில் வந்துகொண்டிருந்த இன்னொருவர்தான் வருகிறார்.

அந்த இன்னொருவருக்கு என்ன தெரியும்? பஸ் கண்டக்டர் லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால் முதலுதவிச் சான்றிதழ் கேட்பார்கள். பைக் லைசென்ஸுக்குக் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் முடிந்தது. ஜெர்மனியில் கதை வேறு. அங்கே பைக் லைசென்ஸ் வேண்டும் என்றால் முதலில் முதலுதவி வகுப்புக்குப் போய்வர வேண்டும். 45 நிமிடங்கள் கொண்ட ஒன்பது பாடவேளைகள். உட்கார்ந்து கேட்டால் மட்டும் போதாது; பொம்மையின் நெஞ்சை அழுத்தியும், பக்கத்தில் இருப்பவரின் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றியும் பழக வேண்டும்.

ஹெல்மெட்டைக் கழற்றலாமா?

பைக் ஓட்டுகிறவர்களுக்கான பயிற்சியில் முக்கியமான பாடமே இதுதான். விழுந்தவர் பேசுகிறார், மூச்சு சீராக வருகிறது என்றால் ஹெல்மெட்டைத் தொடவே வேண்டாம். முன்கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டால் காற்று தாராளமாகக் கிடைக்கும். கழுத்து எலும்பு உடைந்திருக்கிறதா இல்லையா என்பது எக்ஸ்ரே எடுக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஹெல்மெட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால், உடைந்த எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கக்கூடும். பிழைத்து எழுந்து நடந்திருக்க வேண்டியவர், கழுத்துக்குக் கீழே உணர்வே இல்லாமல் படுக்கையில் கிடக்க நேரிடலாம்.

அப்படியானால் எப்போது கழற்றுவது? மூச்சு நின்றுபோயிருந்தால், வாந்தி எடுத்து மூச்சு அடைத்தால், முகத்தை மூடிய ஹெல்மெட்டுக்குள் வாயையும் மூக்கையும் எட்டவே முடியவில்லை என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, ஹெல்மெட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தலை அசையாமல் வைத்துக்கொள்கிறார். மற்றவர் பக்கவாட்டில் இருந்து தாடைப் பட்டையை அவிழ்த்து, ஒரு கையால் தாடையையும் இன்னொரு கையால் பின்கழுத்தையும் தாங்கிப் பிடிக்கிறார். பிறகு தலைமாட்டில் இருப்பவர் ஹெல்மெட்டின் ஓரங்களைக் காதுகளில் சிக்காதபடி வெளிப்பக்கம் விரித்து, மூக்கில் இடிக்காமல் கொஞ்சம் சாய்த்து, மெதுவாகத் தன் பக்கம் இழுக்கிறார். ஹெல்மெட் வெளியே வந்ததும் தலை தொப்பென்று விழுந்துவிடக் கூடாது. கழுத்தைத் தாங்கியிருக்கும் கை அப்படியே இருக்க வேண்டும்.

படித்தால் எளிதாகத்தான் தெரியும். வீட்டில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தம்பியையும் அண்ணனையும் விட்டுக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை காது சிவந்துவிடும். வகுப்பில் நாலைந்து தடவை செய்த பிறகுதான் கை பழகும்.

தண்ணீரும் சோடாவும்

விழுந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது நம் ஊரில் அனிச்சைச் செயல். அரை மயக்கத்தில் இருப்பவருக்கு விழுங்கத் தெரியாது. வாயில் ஊற்றும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நினைவோடு இருப்பவருக்கும் ஆபரேஷன் தேவைப்படலாம். மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் வயிற்றில் எதுவும் இல்லாமல் இருப்பதே நல்லது. நாக்கு வறள்கிறது என்று அவர் கேட்டால் உதட்டை மட்டும் நனைத்துவிடலாம். முகத்தில் சோடா அடிக்கும் சினிமா வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, ரத்தம் வரும் இடத்தில் காபித்தூளையோ மஞ்சள்தூளையோ அப்புவது எல்லாம் இதே ரகம்தான். சாவி வலிப்பை நிறுத்தாது. தலை தரையில் மோதாமல் பார்த்துக்கொண்டு, வலிப்பு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். காயத்தில் அப்பிய தூளை ஆஸ்பத்திரியில் சுரண்டி எடுப்பதற்குள் நேரம்தான் வீணாகும். ரத்தத்தை நிறுத்த ஒரு சுத்தமான துணியும் அழுத்திப் பிடிக்க ஒரு கையும் போதும். துண்டு, துப்பட்டா, கைக்குட்டை எதுவானாலும் சரி. நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்துங்கள். கையுறை இல்லையா? சுத்தமான பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டால் போதும். கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். ரத்தத்தை அடைத்துக்கொண்டிருப்பதே அதுவாக இருக்கலாம்.

ஆட்டோவா, ஆம்புலன்ஸா?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008-ல் தொடங்கியது. ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சர், ஆக்ஸிஜன், கழுத்துப் பட்டை, பயிற்சி பெற்ற ஊழியர் எல்லாம் உண்டு. ஆட்டோவில் மடக்கி ஏற்றினால் கழுத்தும் முதுகும் எத்தனை கோணத்தில் வளையும் என்று யோசித்துப் பாருங்கள். தீப்பிடிக்கும் அபாயமோ, வண்டிகள் வந்து மோதும் அபாயமோ இல்லாவிட்டால், விழுந்தவரை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு 108-ஐ அழைப்பதுதான் முதல் வேலை. போனை ஸ்பீக்கரில் போட்டு, கிலோமீட்டர் கல், பெட்ரோல் பங்க், கோயில் என்று கண்ணில் படும் அடையாளத்தைச் சொல்லுங்கள். அவர்களே வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. உங்கள் பைக்கை ஓரமாக நிறுத்தி, இண்டிகேட்டரை எரியவிட்டு, பின்னால் வரும் வண்டிகளுக்குக் கை காட்ட ஒருவரை அனுப்ப வேண்டும். உதவப் போனவர்கள் மீதே லாரி ஏறிய செய்திகளைப் படித்திருப்போம். விழுந்த வண்டியின் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்க வேண்டும். பெட்ரோல் ஒழுகினால் பீடி, சிகரெட் யாரும் பக்கத்தில் வரக் கூடாது.

பிறகு அவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். தோளைத் தட்டலாம், உலுக்கக் கூடாது. பதில் இல்லையென்றால் பத்து விநாடி நெஞ்சையே பாருங்கள், ஏறி இறங்குகிறதா என்று. எப்போதாவது ஒருமுறை வாயைப் பிளந்து காற்றை இழுப்பதை மூச்சு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவே இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்திலேயே தோள் கழன்றுவிடும் போலிருக்கும். அதனால் ஆள் மாற்றிச் செய்ய வேண்டும். பொம்மையின் மீது ஒருமுறையாவது அழுத்திப் பார்த்தவருக்குத்தான் அந்த ஆழம் புரியும். பழகாதவர்கள் விலா எலும்பு உடைந்துவிடுமோ என்று பயந்து தடவிக்கொடுக்கிறார்கள்.

“எனக்கு ஒண்ணும் இல்லண்ணே!”

ரத்தத்தைவிட அதிகம் பயப்பட வேண்டியது இந்த வாசகத்துக்குத்தான். விழுந்தவர் எழுந்து நிற்கிறார். பேன்ட்டைத் தட்டிக்கொள்கிறார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். கூட்டம் கலைகிறது. வீட்டுக்குப் போய், “தலை கொஞ்சம் வலிக்குதும்மா, படுத்துக்கறேன்” என்கிறார். நல்லா தூங்கட்டும் என்று வீட்டிலும் விட்டுவிடுகிறார்கள்.

தலையில் அடிபட்டு மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்தால், முதலில் சில மணி நேரம் ஆள் தெளிவாகவே பேசலாம், நடக்கலாம். ரத்தம் சேரச் சேர மூளை நசுங்கும். திரும்பத் திரும்ப வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, குளறும் பேச்சு, எழுப்பினாலும் எழாத தூக்கம், காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல வடிதல், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாகத் தெரிதல்... இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

வயிறும் அப்படித்தான். விழும்போது ஹேண்டில்பார் முனை வயிற்றில் குத்தினால் வெளியே ஒரு சின்ன வட்டத் தழும்பு மட்டுமே தெரியும். உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருக்கலாம். முகம் வெளிறி, குளிர்ந்த வியர்வை வழிந்து, மூச்சு வேகமானால் உள்ளே ரத்தம் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். பின்சீட்டில் வந்த அம்மாவையும் குழந்தையையும் கேட்க மறக்காதீர்கள். ஓட்டியவரைச் சுற்றியே கூட்டம் நிற்கும். ஓரமாக உட்கார்ந்திருக்கும் அவர்களை யாரும் பார்ப்பதில்லை.

பின்சீட்டு என்றதும் துப்பட்டா ஞாபகம் வருகிறது. சக்கரத்தில் துப்பட்டாவோ சேலையோ சிக்கினால், இழுப்பதும் சக்கரத்தைச் சுற்றுவதும் கழுத்தை இன்னும் இறுக்கும். இன்ஜினை அணைத்து, கழுத்தருகே துணியை வெட்டிவிடுவதுதான் வழி. புது பைக்கோடு பல ஷோரூம்களில் கொடுக்கும் முதலுதவிப் பை, பிரிக்காத கவரிலேயே சீட்டுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும். அதில் கத்தரிக்கோல் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். கூடவே இரண்டு ரோல் பேண்டேஜ், ஒரு ஜோடி கையுறை. சைலன்சர் சூட்டுக்கு அந்தப் பையில் ஒன்றும் தேட வேண்டாம். 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டினாலே போதும். டூத் பேஸ்ட்டும் இங்கும் பல் தேய்க்கவும் எழுதவும்தான்.

“நமக்கு எதுக்கு வம்பு?”

போலீஸ், சாட்சி, கோர்ட் என்று அலையவிடுவார்களோ என்ற பயம் இன்னும் போகவில்லை. உதவுகிறவர்களைக் காக்கும் வழிமுறைகளை 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்று, அவை கட்டாயம் என்று ஆக்கியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. பணம் கட்டினால்தான் சேர்ப்போம் என்று ஆஸ்பத்திரி அவரை நிறுத்திவைக்கவும் முடியாது.

பணத்துக்கும் தமிழ்நாட்டில் வழி இருக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் மருத்துவமனைகளிலும் இது உண்டு. காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், வேறு மாநிலத்துக்காரராக இருந்தாலும், விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் போதும்.

எங்கே கற்றுக்கொள்வது? செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவி வகுப்புகள் நடத்துகின்றன. தனியாகப் போகத் தயங்குகிறவர்கள், கல்லூரி நண்பர்களாகவோ பைக் குழுவாகவோ உணவு டெலிவரி செய்யும் ஆட்களாகவோ பத்து இருபது பேர் சேர்ந்து கேட்டுப் பார்க்கலாம். போகும்போது உங்கள் சொந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போங்கள். ஹெல்மெட் கழற்றும் பயிற்சி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பொதுவான வகுப்புகளில் அது விட்டுப்போக வாய்ப்பு உண்டு. ஒருமுறை கற்றால் ஆயுசுக்கும் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது புதுப்பித்துக்கொள்வது நல்லது.

வகுப்புக்குப் போகும்வரை செய்ய ஒரு சின்ன வேலை இருக்கிறது. உங்கள் போனின் செட்டிங்ஸில் அவசரத் தகவல் என்று ஒரு பகுதி இருக்கும். ரத்த வகை, மருந்து அலர்ஜி, வீட்டு ஆள் ஒருவரின் எண்ணை அதில் போட்டுவைத்தால், பூட்டிய போனிலேயே அது தெரியும்.

ஆம்புலன்ஸ் வந்ததும் ஊழியரிடம் மூன்று விஷயங்கள் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு விழுந்தார், நடுவில் மயங்கினாரா, நீங்கள் என்ன செய்தீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தால் அதைச் சாலையோரம் விட்டுவிடாதீர்கள், அவரோடு ஏற்றி அனுப்புங்கள். எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது, எவ்வளவு விரிசல் என்று பார்த்தே, தலையில் எங்கே தேட வேண்டும் என்று டாக்டர் ஓரளவு ஊகித்துவிடுவார்.